பருத்திமாருக்குக் காவல்

கோவில்பட்டியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். யாராவது ஒருவர் தாம் படித்ததைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் காராச்சேவைக் கொறித்தபடி குறுக்குக் கேள்வி கேட்போம். 2001ஆம் வருஷம் என் முறை வந்தபோது, ஒரு சின்னத் தீவு எப்படி உலகத்தை ஆளும் வல்லரசானது என்பதை எடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றில் அடங்காமல் மூன்று ஞாயிறு பேசினேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அவ்வளவு நன்றாகப் பேசியது கிடையாது. நன்றாகப் பேசிவிட்டேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அதே ஊரில் என் தொழில் பேப்பர் கடை. நோட்டு, பேனா, பிள்ளைகளுக்கு வரைபடம் விற்பேன். மற்ற நேரமெல்லாம் படிப்பு. எதைப் படித்தாலும் முதலில் வருஷத்தைத்தான் தேடுவேன். கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்தவர் புது வீடு கட்டினதாகச் சொன்னால், "எந்த வருஷம்?" என்று கேட்டுவிடுவேன். "ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேப்பாவ, இவிய மட்டும் எந்த வருஷத்துல இருந்து சௌக்கியம்னு கேப்பாவ" என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

முதல் ஞாயிறு என் தாய்மாமா அந்த மாடிக்கு வந்தது தற்செயல். சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பார்க்க என்னைக் கையோடு கூட்டிப்போக வந்தார். பேச்சு முடியட்டும் என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு ஊரில் இரண்டு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். என் அப்பா இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்தவர், கடை வைத்துக் கொடுத்தவர், எல்லாம் அவர்தான். புத்தகம் என்றால் பஞ்சாங்கம் தவிர வேறு எதையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நான் வேலியைப் பற்றிப் பேசினேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராமங்களில் எல்லாருடைய ஆடும் மாடும் மேய்ந்த பொதுநிலங்களைச் சட்டம் போட்டு வளைத்துக்கொண்டார்கள். மேய்ச்சல் போனவன் மாட்டை விற்றான். அப்புறம் ஊரை விட்டான். கடைசியில் ஆலை வாசலில் போய் நின்றான். கூலிக்கு ஆள் அப்படித்தான் சேர்ந்தது. சொந்த நாட்டுக் குடியானவனிடம் பழகிய கையைத்தான் பிறகு கடல் தாண்டி நீட்டினார்கள் என்று சொல்லி முடித்தேன்.

பெண் பார்க்கப் போகும் வழியெல்லாம் மாமா அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

"மருமவனே, அந்த வேலி போட்டதுக்குச் செலவு யாரு குடுத்தா?"

"தெரியலையே மாமா."

"அதுல்லா முக்கியம். அதைப் பாத்துச் சொல்லும்."

நான் பார்த்துச் சொன்னேன். அதுதான் என் சுபாவம். மதுரைக்குப் போனபோது நூலகத்தில் உட்கார்ந்து தேடி, அடுத்த ஞாயிறே அவரிடம் சொன்னேன்: பங்கு கிடைத்தவன் அவனவன் நிலத்துக்கு அவனவனே வேலி போட வேண்டும், அந்தச் செலவு தாங்காத சிறு நிலக்காரன் விற்றுவிட்டுப் போனான். மாமா கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடேயப்பா! வெரட்டுத செலவையும் அவன் தலையிலயே கெட்டிருக்கான் பாத்தீரா!"

இரண்டாம் ஞாயிறு மாமா தாமே வந்துவிட்டார். அன்றைக்குப் பஞ்சு. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து வரத்து நின்றதும் இங்கிலாந்தின் ஆலைகள் நம் கரிசலைத் திரும்பிப் பார்த்தன. விலை ஏறியது. கம்பும் சோளமும் விதைத்த காட்டில் பருத்தி ஏறியது. 1865இல் போர் முடிந்து விலை இறங்கியது; காட்டைவிட்டுப் பருத்தி இறங்கவில்லை. இங்கிருந்து பஞ்சாகப் போனது அங்கிருந்து துணியாகத் திரும்பி வந்தது, நம் தறிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் ஞாயிறு பஞ்சம். 1876இல், தூத்துக்குடிக்கு ரயில் போட்ட சமயத்திலேயே தாது வருஷப் பஞ்சமும் வந்தது. மாகாணம் பசியில் கிடக்கையில் தானியம் கப்பலேறியது. நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு உயிரைப் பிடித்து வைக்கும் அளவுக்குக்கூடக் கூலி கிடைக்கவில்லை. வல்லரசுகளின் உயரத்தை அளக்க வேண்டுமானால் நம் ஊர்களின் பள்ளத்திலிருந்து அளக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னபோது கைதட்டினார்கள்.

கீழே டீக்கடையில் எல்லாருக்கும் மாமாதான் டீ வாங்கிக் கொடுத்தார். "என் மருமவன் பேப்பர் கடைதான் வச்சிருக்கான்னு நெனைச்சேன். மாடியில ஒரு சாம்ராஜ்யமே வச்சிருக்கான்வே!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எங்களுக்கு அப்பா வழியில் கொஞ்சம் கரிசல் காடு, மழையை நம்பிய நிலம், உண்டு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு ஒருவர் பயிர் செய்தார். ஐப்பசி மழைக்கு விதைப்பு. பங்குனி, சித்திரையில் கடைசிப் பருத்தி எடுத்ததும் காடு திறந்துவிடும். வேலியோ வரப்போ பார்க்க மாட்டார்கள், எவருடைய ஆடும் எவருடைய காட்டிலும் மேயலாம். செடியில் மிச்சமிருக்கும் இலை, முற்றாத காய், அடியில் முளைத்த புல் எல்லாம் ஆட்டுக்கு. ராத்திரி அதே காட்டில் கிடை போடுவார்கள், அதாவது மந்தையைப் பட்டிக்குள் அடைத்துப் படுக்க வைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். காட்டுக்காரர் கிடைக்காரருக்குக் கம்போ சோளமோ தவசம் அளப்பார். ஆடிக்கு முன்னால் காய்ந்த செடியை, அதாவது பருத்திமாரை, பிடுங்கி அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். மேய்ச்சலை யாரும் விற்றதும் இல்லை, வாங்கினதும் இல்லை. இது எந்த வருஷத்திலிருந்து என்று அங்கே ஒரு தடவை கேட்டேன். "வருசமா? மழை பெய்யுத நாள்லேர்ந்து" என்றார் கிடைக்காரர்.

அவர்தான் எங்கள் காட்டில் கிடை போடுகிறவர். ஐம்பது வயதிருக்கும். அவரும் அவர் மனைவியும் ஒரு மந்தையை வைத்துப் பிழைத்தார்கள். அந்த அம்மாள் பகலில் ஆடு பார்ப்பாள், பருத்தி எடுக்கிற பருவத்தில் பருத்திக்குப் போவாள்.

2002இல் வடகிழக்கு மழை எங்கள் பக்கம் பொய்த்தது. மாமா அதற்கு முந்தியே அந்தப் பக்கம் ஒரு கிளை போட நினைத்து, குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் ஒரு கூரைக் கட்டடம் எழுப்பியிருந்தார். பொம்பிளை ஆட்களை ஏற்றிவர வேன் விட்டார். வேன் பாதி காலியாகத் திரும்பியது. பஞ்ச காலத்தில்கூட அந்த ஊர்ப் பெண்கள் வரவில்லை.

"ஆடு இருக்குல்லா மருமவனே" என்றார் மாமா ஒருநாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "நாலு ஆடு நிக்குத வரைக்கும் அவ ஏன் எங்கிட்ட வந்து குச்சி அடுக்கப் போறா?"

நான் ஆமாம் போட்டேன். பேச்சோடு பேச்சாக, இங்கிலாந்திலும் கொஞ்சம் மேய்ச்சல் இருந்தவன் ஆலைக்கு வர மறுத்ததைச் சொன்னேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பழைய செய்தி. மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ம்" என்றார்.

2003 சித்திரையில் அவர் அந்த ஊருக்குப் போய், காட்டில் நின்ற பருத்திமார் முழுவதையும் செடியாகவே விலை பேசிவிட்டார். எல்லாக் காட்டையும். மழை இல்லாத வருஷத்தில், அடுப்புக்குத் தவிர எதற்கும் ஆகாத மாருக்குக் காசு தருகிறேன் என்று ஒருவர் வந்தால் காடு வைத்திருக்கும் எந்தச் சம்சாரி வேண்டாம் என்பான்? கேட்டவர்களிடம் ஆபீசுக்கு விறகு என்று சொன்னார். வெளியூரிலிருந்து ஓர் ஆளைக் கம்போடு காவலுக்கு நிறுத்தினார். ஆடு நுழைந்தால் பிடித்துக் கட்டு என்று உத்தரவு. எங்கள் காட்டை மட்டும் வாங்கவில்லை. கடைக்கு வந்து அதையும் சொன்னார்.

"ஒம்ம காடு நடுவுல கெடக்கு. சுத்தி நம்மது. அதுக்கு எதுக்குக் காசு?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எனக்குச் சலுகை காட்டியதைப் போலத்தான் கேட்டுக்கொண்டேன்.

உறைத்தது, வைகாசியில் கிடைக்காரரும் அவர் மனைவியும் பஸ் ஏறி என் கடைக்கு வந்தபோதுதான். அவர் துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, காட்டுக்குள்ள விட மாட்டேங்கான். ஓடையில ஒண்ணும் இல்ல. குட்டியெல்லாம் எலும்பா நிக்குது. ஆடி வரைக்கும் தாட்டிட்டோம்னா பொறவு எப்பிடியும் பொழைச்சிக்கிடும்."

"எங்க காடு இருக்குல்லா? அது விக்கலை. அங்கன மேயுங்க" என்றேன் நான், பெரிய மனது பண்ணிக்கொண்டு.

கிடைக்காரர் சிரித்துவிட்டார். "எப்பிடிக் கொண்டுபோறது அண்ணாச்சி? ஆட்டுக்கு றெக்கை கெட்டியா?"

அந்த அம்மாள் அவரை முழங்கையால் இடித்தாள். "சும்மா இருங்க. அண்ணாச்சி, மொதலாளி ஒங்க மாமாதான. மார் அவருக்கே இருக்கட்டும். ஒரு ஓரமா வழி மட்டும் விடச் சொல்லுங்க. ஒங்க காட்டுக்குப் போய்ட்டு ராத்திரி அங்கனயே கிடை போட்டுக்கிடுதோம். வெளியவே வரல. வழி மட்டும்."

அவர்கள் கேட்டது அவ்வளவுதான். ஒரு மந்தை அகலத்துக்கு ஒரு வழி. அது கிடைத்தால் ஆடு நிற்கும், கிடைக்காவிட்டால் விற்க வேண்டும். அந்த வருஷம் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் விற்க வந்தவர்தான் அதிகம், வாங்க ஆளில்லை.

நான் அவரைக் கூட்டிக்கொண்டு உடனே மாமாவின் ஆபீசுக்குப் போனேன். அந்த அம்மாள் கடையிலேயே இருந்தாள். மாமா மேஜைக்குப் பின்னால் இருந்தார். கிடைக்காரர் வாசல்படியை ஒட்டி நின்றார். உட்காரச் சொன்னதற்கு "இருக்கட்டும்" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா கோபப்படவில்லை. சந்தோஷமாகத்தான் கேட்டார்.

"மருமவனே, இது ஒம்ம பாடம்லா? நீரு சொல்லித்தான செய்யுதேன்."

"மாமா, அதெல்லாம் அநியாயம்னுதான் நான் சொன்னேன்."

"அநியாயம்னா சொன்னீரு? எப்பிடி ஒசந்தான்னுல்லா மூணு ஞாயிறு சொன்னீரு. அநியாயம்னு கடைசில ஏதோ ஒரு வரி சொன்னீரு போல, அப்ப நான் டீ சொல்லக் கீழ போயிட்டேன்."

ஆபீசில் இருந்த கணக்கர் சிரித்தார். நான் விடவில்லை. இந்த வருஷம் மழை இல்லாததைச் சொன்னேன், குட்டிகள் கிடக்கும் நிலையைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நீரு சொன்ன மாதிரிதான். பஞ்சத்துலதான் ரயில் போட்டான், பஞ்சத்துலதான் கூலி மலிஞ்சிச்சு. அமெரிக்காக்காரன் சண்டை போட்டப்ப, அந்த 1867ல..." என்றார்.

"1861 மாமா" என்றேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது.

"அறுபத்தேழுன்னுல்லா ஞாபகம்."

"இல்ல மாமா, 1861ல ஆரம்பிச்சு 1865ல முடிஞ்சுது. அறுபத்தேழுல விலை எறங்கிப்போச்சு. நீங்க சொல்லுதது அந்த எறக்கத்தை."

"அப்பிடியா! அந்த எறக்கத்துல நம்ம பக்கம் யாரு தப்பிச்சா?"

நான் சொன்னேன். பஞ்சைத் தானே வாங்கி வைக்காமல் தரகு மட்டும் பார்த்தவர்கள் தப்பித்ததைச் சொன்னேன். ரயில் வருவதற்கு முன் தூத்துக்குடிக்குப் போன மாட்டுவண்டிகளைப் பற்றிச் சொன்னேன். மாமா கணக்கரைக் கூப்பிட்டு, "கேளும்வே, இவன் சொல்லுததைக் கேளும்" என்றார். காப்பி வந்தது. கிடைக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவர் நின்றபடியே குடித்தார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. என் வாழ்க்கையில் எனக்கு நேரம் தெரியாத பொழுதுகள் கொஞ்சம்தான். மாமாவுக்குப் பார்சல் லாரி வந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னதும் அவர் எழுந்தார். என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வெளியே போனார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

பஜாரில் பாதி தூரம் நடந்த பிறகு கிடைக்காரர் கேட்டார்.

"அண்ணாச்சி, கடைசியில என்ன சொல்லுதாவ? வழி விடுவாவளா?"

அப்போதுதான் நான் நின்றுவிட்டேன். அவர்கள் கேட்கச் சொன்னதை நான் கேட்கவேயில்லை. அநியாயம் என்று வாதாடினேன், மழையைச் சொன்னேன், வருஷத்தைத் திருத்தினேன். ஓரமாக ஒரு வழி என்ற அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை. அவர் படியருகில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டிருக்கிறார், இப்போது வரும் இப்போது வரும் என்று.

"திரும்பிப் போய்க் கேப்போம்" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அவிய லாரிக்குப் போயிட்டாவ. ரெண்டு பேரும் நல்லா சிரிச்சிப் பேசிட்டு இருந்தீய. அதை ஏன் கெடுத்துக்கிட்டு." அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடையில் காத்திருந்த அந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாங்க" என்றாள்.

மறுநாள் நான் தனியாக மாமாவிடம் போய்க் கேட்டேன். அதையும் எழுதிவிட வேண்டும். "ஒரு வழி விட்டா பத்து வழி கேப்பான். அவ்வளவு படிச்ச ஒமக்கு இது தெரியாதா?" என்றார். அதற்கு மேல் வாதாடாமல் கடைக்குத் திரும்பினேன். என்னைப் படிக்க வைத்தவர் என்பது ஒரு காரணம். அவர் சொன்னதற்கு வரலாற்றில் சான்று இருந்தது, அது எனக்குத் தெரியும் என்பது இன்னொன்று. என் கடையும், மாடியில் நாங்கள் கொறித்த காராச்சேவும், எங்கள் ஊரின் இரண்டு மாடி வீடுகளும் எந்தக் காடுகள் மழையில்லாமல் கிடந்து ஆட்களைத் தீப்பெட்டிக்கு அனுப்பியதால் வந்தவை என்று நான் ஒரு ஞாயிறுகூடப் பேசியதில்லை. லண்டன் துறைமுகத்தைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மந்தை எட்டயபுரம் போனது. எனக்கு அது தெரிந்தது, கிளை நிறைந்து மிச்ச ஆட்களை ஊர் ஆபீசுக்கு ஏற்றிவந்த மாமாவின் வேன் திங்கட்கிழமை கடை வழியாகப் போனபோதுதான். ஜன்னலோரம் அந்த அம்மாள் இருந்தாள். வேன் நிறைந்திருந்தது. ஆடியில் யாரும் பருத்திமாரைப் பிடுங்க வரவில்லை. மாமாவுக்கு விறகு தேவையே இல்லை. வாங்கிய மார் காட்டிலேயே நின்று வெயிலில் வெளுத்தது. விதைப்புக்கு முன்னால் சம்சாரிகள் அதைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள். உரத்தை மூட்டையில் வாங்கினார்கள்.

மாடிக் கூட்டத்துக்கு நான் அதற்குப் பிறகும் போனேன், பேச மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். எந்த மாதம் கேட்டாலும் அதையே சொன்னேன், நம்பினார்கள்.

2004 வைகாசியில் வாரக்காரரைப் பார்க்க அந்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மாமா அந்த வருஷமும் மாரை வாங்கியிருந்தார். காடு திறந்தால் பெண்கள் மறுபடி குட்டி வாங்கிவிடுவார்கள் என்ற பயம். நாகலாபுரம் ரோட்டில் இறங்கி வண்டிப்பாதையில் நடந்தேன். முதல் காட்டின் முனையில் ஓர் ஆள் கம்போடு நின்றார். பக்கத்து ஊர் ஆடுகள் நாலைந்து செடிக்குள் புகுந்திருந்தன. அவர் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார். ஆடுகள் அடிவாங்காமலே திரும்பி வெளியே வந்தன. அப்படி ஆட்டோடு பேசத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் ஒருவர்தான்.

என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"வாங்க அண்ணாச்சி. சும்மா இருக்க முடியல. மொதலாளிதான் கூப்பிட்டு, வெளியூரான் நின்னா ஆடு கேக்க மாட்டேங்கு, நீரு நில்லும்னாவ. ஆட்டுக்கும் என்னயத் தெரியுதுல்லா."

வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஆபீசுக்குப் போயிருக்கா. கையெல்லாம் தீக்குச்சி மருந்து நாத்தம்ங்கா. கஞ்சி குடிக்க முடியலைங்கா." அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு ஓரமாக ஒதுங்கி, கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, செடிகளுக்கு நடுவே ஆள் நடந்த தடம் ஒன்றைக் காட்டினார்.

"ஒங்க காட்டுக்குத்தான போறீய? போங்க. மொதலாளியோட மருமவன்லா, ஒங்களுக்கு வழி உண்டு."